சென்னைக்குப் புதியவரா? ஃப்ளூ பரவும் காலத்துக்கு ஒரு வழிகாட்டி

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒற்றைக் கட்டில் அறை, பழைய மகாபலிபுரம் சாலையில் நான்கு பேர் தங்கும் விடுதி, வியாசர்பாடியில் ஒரே குழாயை நம்பி ஐந்து குடித்தனங்கள், வேளச்சேரியில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடி. எங்கே குடியேறியிருந்தாலும் சென்னைக்கு வந்த முதல் ஆண்டில் நாம் தெரிந்துகொள்வது வேலைக்குப் போகும் பஸ் எண்ணும், வயிற்றைக் கெடுக்காத மெஸ்ஸும்தான். உடம்புக்கு முடியாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி, காய்ச்சல் வந்த அன்று இரவு பதினொரு மணிக்குத்தான் எழுகிறது. மற்ற நாட்களில் இது ஒரு சங்கடம், அவ்வளவே. ஊரே ஒன்றாகப் படுத்துக்கிடக்கும் பெருந்தொற்றுக் காலத்தில் இதுவே ஆபத்து.

ஃப்ளூ வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஓய்வெடுத்தே குணமடைகிறார்கள். சிலருக்கு மூன்றாம் நாள், நான்காம் நாள் மூச்சு திணறத் தொடங்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் அதைக் கவனித்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகக் கிடப்பவர் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று இன்னும் ஓர் இரவைக் கடத்துவார். அதனால்தான் இந்த வழிகாட்டி மாத்திரைகளை விட்டுவிட்டு மனிதர்களிடமிருந்து தொடங்குகிறது.

அதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா வைரஸால் வரும் சுவாச நோய். மக்களின் உடலுக்குப் பழக்கமில்லாத புதிய வகை ஒன்று கிளம்பி நாடு நாடாகப் பரவினால் அது பெருந்தொற்று. இந்த ஊருக்கு அது புதிதல்ல. 1957இல் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்தது சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் அதைக் கொண்டுவந்தது. 2009 ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் எச்1என்1 பெருந்தொற்றை அறிவித்தது. "பன்றிக் காய்ச்சல்" என்ற பெயரைக் கேட்டு ஊரே மிரண்டது. பரிசோதனைக்கான மாதிரிகள் அரசு ஆய்வகமான கிண்டி கிங் நிலையத்தில் குவிந்தன. 2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டாலும் அந்த வைரஸ் எங்கும் போய்விடவில்லை. இன்றைக்கும் ஆண்டுதோறும் வந்துபோகும் ஃப்ளூ வகைகளில் அதுவும் ஒன்று.

படி 1: காய்ச்சலுக்கு முன்பே இரண்டு பேரைப் பிடித்து வையுங்கள்

இரண்டு பேர் போதும். ஒருவர் உங்கள் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். இன்னொருவர் வண்டி வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. இருவரிடமும் வாய்விட்டே பேசிக்கொள்ளுங்கள்: நம்மில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் காலையும் இரவும் மற்றவர் போனில் கூப்பிடுவது, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவது, போனை எடுக்காவிட்டால் வந்து கதவைத் தட்டுவது. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கேட்ட பிறகுதான் எதிரில் இருப்பவருக்கும் அதே கவலை இருந்தது தெரியவரும். மேன்ஷன் என்றால் மேலாளரையும், அடுக்குமாடி என்றால் வாட்ச்மேனையும் இந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அந்த இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஒரு தாளில் உங்கள் பெயர், வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, ஊரில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். எல்லாம் போனில் இருக்கிறதே என்பீர்கள். மயங்கிக் கிடப்பவரின் போனை யார் திறப்பது?

அதே தாளில் முகவரியை முழுதாக எழுதுங்கள். சென்னையில் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. 108ஐ அழைத்து வெறும் "17ஆம் எண்" என்று சொன்னால் ஆம்புலன்ஸ் தெருவின் அந்தக் கோடிக்குப் போய் நிற்கலாம். இரண்டு எண்களையும், எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில், எந்தப் பள்ளிக்கு எதிரில் என்ற அடையாளத்தையும் எழுதுங்கள். உங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் பேருதவி. அவசரத்தில் தமிழில் முகவரி சொல்ல அவர்களால் முடியாது.

படி 2: எங்கே போவது என்று இப்போதே பார்த்து வையுங்கள்

முதல் இடம் உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். சம்பளக்காரர்கள் பலர் அது தங்களுக்கான இடமில்லை என்று நினைத்துக்கொண்டு அதன் வாசலைத் தாண்டிப் போய், தனியார் கிளினிக்கில் காத்திருந்து பணத்தைக் கொட்டுகிறார்கள். காய்ச்சலைப் பார்ப்பதற்கும், மேல் சிகிச்சைக்கு அனுப்புவதற்கும், நோய் எங்கே பரவுகிறது என்ற தகவலை மாநகராட்சிக்குத் தெரிவிப்பதற்கும் இந்த நிலையங்கள்தான் அடித்தளம். சிகிச்சை இலவசம். ஒரு நாள் நடந்துபோய் இடத்தையும், பலகையில் உள்ள நேரத்தையும் பார்த்து வாருங்கள்.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் உள்ளன. உங்கள் வார்டு எண்ணைத் தெரிந்துகொண்டால் காய்ச்சல் முகாம் எங்கே நடக்கிறது என்ற அறிவிப்பு வரும்போது குழம்ப மாட்டீர்கள். மாநகராட்சியின் புகார் எண் 1913. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள் என்பது அங்கே குடிவந்த பலருக்கு நெடுநாள் தெரிவதில்லை. மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. இவை இரண்டும் மாநிலம் முழுவதற்கும் பொது.

மூச்சுத்திணறல் போன்ற அவசரத்துக்கு எந்தப் பெரிய மருத்துவமனை பக்கம் என்பதையும் முடிவு செய்யுங்கள். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னைக்கு ஸ்டான்லி, நகரின் நடுவே கீழ்ப்பாக்கமும் ராயப்பேட்டையும், குழந்தைகளுக்கு எழும்பூர், தெற்குப் புறநகர்க்காரர்களுக்குச் செங்கல்பட்டு. பகலில் சாதாரணக் காய்ச்சலுக்குப் போனால் ஓ.பி. (புறநோயாளி) சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். அவசரச் சிகிச்சைப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். ஆதாரோ ரேஷன் அட்டையோ கையில் இல்லை என்று அவசர நேரத்தில் தயங்கி நிற்காதீர்கள்.

படி 3: அலமாரியில் என்ன இருக்க வேண்டும்

அதிகம் வேண்டாம். தெர்மாமீட்டர், பாராசிட்டமால், நாலைந்து பொட்டலம் ஓ.ஆர்.எஸ்., முகக்கவசங்கள், சோப்பு. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்றை நான்கு அறைக்காரர்கள் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் மருந்தை ஒரு மாதத்துக்குக் கையிருப்பு வைப்பது அவசியம். அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் இருந்தால் கஞ்சிக்குக் கவலையில்லை. மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தடுப்பூசியை எப்போது போடுவது என்பதில் சென்னைக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. வடமாநிலங்கள் பலவற்றில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்துக்குப் போகும். இங்கே வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அது தலைதூக்குகிறது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பிடிக்கும். ஆகவே மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் போட்டுக்கொள்வது பொருத்தம். ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் முதியவர் வரை போடலாம். கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் தள்ளிப்போடக் கூடாது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் இது ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி. முற்றிலும் புதிய வைரஸ் வந்துவிட்டால் அதற்கான தடுப்பூசி தயாராக மாதங்கள் ஆகும். அதுவரை அடுத்த படிதான் கேடயம்.

படி 4: காற்று, கூட்டம், கை

ஃப்ளூ இருமலிலும் தும்மலிலும் மட்டுமல்லாமல் பேச்சிலும் பரவுகிறது. நோயாளிக்குக் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். எனவே "யாரும் இருமவில்லையே" என்பது ஆறுதல் ஆகாது.

மாநகரப் பேருந்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மழைச் சாரல் நாலு துளி பட்டால் பரவாயில்லை. மெட்ரோ, குளிர்சாதனப் பேருந்து, அலுவலகக் கூட்ட அறை போன்ற மூடிய இடங்களில் முகக்கவசம் மூக்கையும் சேர்த்து மூடியிருக்கட்டும். தாடைக்குக் கீழே தொங்குவதால் பயனில்லை. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் காலை ஒன்பது மணி நெரிசலைத் தவிர்த்து ஒரு மணி நேரம் முன்னால் போக முதலாளி சம்மதித்தால் அதுவே பெரிய பாதுகாப்பு. சந்தைக்கும் இதே விதிதான். 2020இல் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா எப்படிப் பல மாவட்டங்களுக்குப் போனது என்பதைப் பார்த்தோம். ஒரு கிலோ வெங்காயத்துக்கு அங்கே போய் முண்டியடிப்பதைவிடத் தெருமுனைத் தள்ளுவண்டி மேல்.

வீட்டுக்குள் வந்தால் சென்னையின் பெரிய சிக்கல் கொசு. மாலை ஆறு மணிக்கு ஜன்னல்களை அடைத்துவிட்டுக் காலைவரை நான்கு பேர் ஒரே காற்றை மாற்றி மாற்றிச் சுவாசிக்கிறோம். ஏசி குளிர்விக்கிறதே தவிர, பெரும்பாலான வீட்டு ஏசிகள் அதே காற்றைத்தான் சுற்றிவிடுகின்றன. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடவில்லை என்றால் ஒட்டும் பட்டையோடு வரும் வலையை வாங்கலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் கட்டிலுக்குக் கொசுவலை கட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைக்கலாம். எதிரும் புதிருமாக இரண்டு திறப்புகள் இருந்தால் காற்று ஓடும்.

கை கழுவுவது எல்லோருக்கும் தெரியும். சோப்பு போட்டு 20 விநாடி. தண்ணீர் லாரி வராத நாளில் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள கிருமிநாசினி உதவும்.

படி 5: காய்ச்சல் வந்துவிட்டது

ஃப்ளூ பெரும்பாலும் திடீரென்று பிடிக்கும். காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் உடம்பெல்லாம் வலி, குளிர், தொண்டை எரிச்சல், வறட்டு இருமல் என்று சுருண்டுவிடுவார். முதல் வேலை, அந்த இரண்டு பேருக்கும் சொல்வது. இரண்டாவது, வேலைக்குப் போகாமல் இருப்பது. மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு அலுவலகம் போகும் வீரம் யாருக்கும் வேண்டாம்.

வெப்பநிலையையும் மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதி வையுங்கள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுதான். சளி, தலைவலிக்கென விற்கும் பல கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அட்டையைப் படிக்காமல் இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்று கேட்டு, பெயர் தெரியாத நான்கு வண்ண மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வாங்கும் பழக்கத்தை இந்தக் காலத்திலாவது விட்டுவிடுங்கள். அதில் ஆன்டிபயாடிக் இருந்தால் வைரஸை அது ஒன்றும் செய்யாது. வலி மாத்திரை இருந்தால் ஆபத்து பெரிது. ஏனென்றால் இங்கே ஃப்ளூவின் பருவமும் டெங்குவின் பருவமும் ஒன்றுதான். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். ஃப்ளூ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது. இருமலும் தொண்டை வலியும் இல்லாமல் கடும் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி, வயிற்று வலி, தோலில் சிவப்புப் புள்ளிகள் என்று வந்தால் டெங்கு சந்தேகம்தான். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். "ஊசி போட்டால்தான் இறங்கும்" என்று மருத்துவரை நச்சரிக்கும் வழக்கமும் தேவையற்றது.

ஊரிலிருந்து அம்மா போனில் சொல்லும் மிளகு ரசத்துக்கும் சுக்குக் கஷாயத்துக்கும் தடையில்லை. சூடாக உள்ளே போகும் எதுவும் தொண்டைக்கு இதம். உடம்பில் நீர் வற்றாமலும் காக்கும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கலாம், ஆனால் அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆவி பிடித்தால் மூக்கடைப்பு சற்று விலகும், வைரஸ் சாகாது; கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கத்தில் வைத்துச் சுட்டுக்கொள்வதுதான் நடக்கிறது. சமைக்க முடியாதவர்களுக்கு மெஸ்காரரிடம் சொல்லி வைத்த இட்லியோ, நண்பர் அம்மா உணவகத்தில் வாங்கி வரும் தயிர்சாதமோ போதும். பசி எடுக்காது, ஆனாலும் இளநீரோ கஞ்சியோ மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும்.

ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்கு அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். அதனால் கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் காய்ச்சல் வந்த முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் லேசான காய்ச்சலோடு வீட்டில் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பரிசோதனையும் தேவையில்லை என்பதே எச்1என்1 காலத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த முறை.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலம் பூத்தல், எழுப்பினாலும் தெளியாத மயக்கம் அல்லது பேச்சில் குழப்பம், சிறுநீர் மிகக் குறைதல், ஆக்ஸிமீட்டரில் 94க்குக் கீழே. குழந்தை பால் குடிக்க மறுப்பதும், விலா உள்வாங்க வேகமாக மூச்சு விடுவதும், தூக்கினாலும் துவண்டு கிடப்பதும் இதில் சேரும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 6: ஒரே அறையில் நோயாளியோடு இருப்பவர்களுக்கு

தனி அறை கொடுங்கள் என்று எழுதுவது எளிது. ஒண்டுக்குடித்தனத்தில் தனி அறைக்கு எங்கே போவது? நோயாளியை ஜன்னல் ஓரம் படுக்க வையுங்கள். மற்றவர்கள் முடிந்த மட்டும் தள்ளி, அவர் தலைமாட்டுக்கு எதிர்த்திசையில் தலைவைத்துப் படுக்கட்டும். கவனித்துக்கொள்ள ஒரே ஆளை நியமியுங்கள், அவர் கர்ப்பிணியாகவோ முதியவராகவோ இருக்கக் கூடாது. அருகில் போகும்போது இருவருமே முகக்கவசம் போட வேண்டும். தட்டும் டம்ளரும் துண்டும் நோயாளிக்குத் தனி. தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், தூக்கி எறிய வேண்டியதில்லை.

பொதுக் கழிப்பறை என்றால் நோயாளி முகக்கவசத்தோடு போகட்டும், தாழ்ப்பாளையும் குழாயையும் பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் பிடிக்கும் வரிசைக்கு நோயாளி வீட்டாரை வரவேண்டாம் என்று சொல்பவர்கள், அவர்களுடைய குடத்தையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். பயன்படுத்திய முகக்கவசங்களைத் தனிப் பையில் இறுக்கக் கட்டி, தனியாகக் கொடுங்கள். வெறும் கையோடு குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு.

படி 7: மறைக்காதீர்கள், மறைக்க வைக்காதீர்கள்

2020இல் தொற்று வந்த வீட்டின் வாசலில் தகரம் அடித்ததைச் சென்னைவாசிகள் மறக்கவில்லை. அதனால் பயந்து பரிசோதனைக்கே போகாதவர்கள் உண்டு என்பது என் எண்ணம். ஒரு வாடகைக்காரர் தனக்குக் காய்ச்சல் என்று சொன்னதும் அறையைக் காலி செய்யச் சொன்னால், அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார். கட்டடம் முழுவதும் படுக்கும். நீங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இருந்தால், நோய் பரவும் முன்பே ஒரு கூட்டம் போட்டு இதைப் பேசி முடியுங்கள்: நோயாளி வீட்டுக்குப் பால், தண்ணீர் கேன், மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது யார்? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்றால் அவர் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் வரத்தான் செய்வார். அதில் அவரைக் குறை சொல்ல நியாயமில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று 2020 தொடக்கத்தில் பரவிய வதந்தியில் நட்டப்பட்டது கோழிப்பண்ணைக்காரர்கள்தான். நன்றாக வெந்த இறைச்சியால் ஃப்ளூ பரவாது.

படி 8: திரும்ப வேலைக்கு

பாராசிட்டமால் இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் வெளியே கிளம்பலாம். அறிகுறி தொடங்கியதிலிருந்து ஏழு நாள் வீட்டில் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. முடியாதவர்கள் அந்த நாட்கள் தீரும்வரை முகக்கவசத்தோடு இருக்கட்டும். குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாட்கள் கூடுதலாகத் தொற்றலாம் என்பதால் பள்ளிக்கு அனுப்ப அவசரம் வேண்டாம். வறட்டு இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட இழுக்கும். அதற்காகப் புதிதாக மருந்து தேட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் காய்ச்சலும் இருமலும் ஏறினால் அது ஃப்ளூவைத் தொடர்ந்து வரும் நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், முதல் காய்ச்சலின்போது எழுதி வைத்த தாளையும் எடுத்துக்கொண்டு.